விமானம் பார்க்கப் போன திங்கட்கிழமை

என் வீட்டுக்காரர் எந்த மோட்டாரையும் உள்ளங்கையால் தொடமாட்டார். கையைத் திருப்பிப் புறங்கையால்தான் தொடுவார். மிக்ஸி, ஃபிரிட்ஜின் பின்பக்கம், தண்ணீர் மோட்டார், வெயிலில் நின்ற பஸ்ஸின் முன்பக்கம், எல்லாவற்றுக்கும் அதே கைதான். கல்யாணமான புதிதில் ஏன் என்று கேட்டேன். கரண்ட் கசிந்தால் உள்ளங்கை பிடித்துக்கொள்ளும், புறங்கை உதறிவிடும் என்றார். சூடும் புறங்கைக்குத்தான் சீக்கிரம் தெரியுமாம். எங்கள் பெண் மணிமொழிக்குக் காய்ச்சல் வந்தால் அவள் நெற்றியையும் அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார். "பேரிங்கு சூடாயிருக்குது" என்பார். காய்ச்சலிலும் அவள் சிரிப்பாள்.

அவர் பெயர் துரைராஜ். நெய்வேலி சுரங்கத்தில் பெல்ட் ஃபிட்டர். தோண்டிய மண்ணையும் கரியையும் மைல் கணக்கில் சுமந்து ஓடுகிற ரப்பர் பெல்ட்டுக்கு அடியில் வரிசையாக உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். உருளைக்கு உள்ளே பேரிங். எது சூடாகிறது, எது கத்துகிறது என்று கண்டுபிடித்து மாற்றுவதுதான் அவர் வேலை. கம்மாபுரம் பக்கத்தில் அவர் அப்பாவின் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது, அதை வைத்துக் கிடைத்த வேலை. முதலில் கான்ட்ராக்ட், பிறகு பெர்மனென்ட். மொத்தம் முப்பத்து மூன்று வருஷம்.

ஷிஃப்ட் வீட்டில் சாப்பாட்டுக்கு என்று ஒரு நேரம் கிடையாது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் ஐந்தரை மணிக்குக் கம்பெனி பஸ் வரும். நாலு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். செகண்ட் ஷிஃப்ட் என்றால் இரவு பதினொரு மணிக்குத் தட்டு வைக்க வேண்டும், காலையில் பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். நைட் ஷிஃப்ட் என்றால் அவர் விடிந்து வந்து சுடுசோறு சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். பகலெல்லாம் நான் பாத்திரம் சத்தம் போடாமல் நடக்க வேண்டும். எந்த ஷிஃப்ட் ஆனாலும் நான் நாலு, நாலரைக்கு எழுந்துவிடுவேன். அலாரம் வைத்ததில்லை.

கம்பெனி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கிழமை ஓய்வு. ஒருவருக்குச் செவ்வாய், ஒருவருக்கு வெள்ளி. அவருக்குக் கடைசி வருஷம் திங்கட்கிழமை வந்தது. ஆட்கள் மாறி மாறி ஓய்வெடுப்பார்கள். சுரங்கம் நிற்காது. தீபாவளி அன்றைக்கும் பெல்ட் ஓடும்.

அவர் ரிடையர் ஆக மூன்று மாதம் இருந்தபோது எதிர்க் குவார்ட்டர்ஸ் இசக்கிமுத்து அண்ணன் ஒரு நாள் சாயங்காலம் வந்தார். திருநெல்வேலிக்காரர். முப்பது வருஷம் நெய்வேலித் தண்ணீர் குடித்தும் பேச்சு மாறவில்லை. குடும்பத்தோடு பெங்களூர் போய், அங்கே விமான அருங்காட்சியகம் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"வே துரைராஜ், எஞ்சினைப் பாதியா அறுத்து வச்சிருக்கான்வே. உள்ள இருக்கது அம்புட்டும் தெரியுது. பேரிங்கு இந்தா, இவ்வளவுதான்."

இரண்டு விரலை வளைத்துக் காட்டினார்.

"யாரு கிட்ட கதை வுடற? அவ்ளோ வேகத்துல சுத்தறது, அத்தினூண்டு பேரிங்கு தாங்குமா?"

"நீரு நம்பவேண்டாம்வே. போய்ப் பாத்துட்டு வந்து பேசும்."

அன்றிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்கிற மனிதர் இல்லை. சினிமாவுக்குப் போனாலும் பாதியில் தூங்கிவிடுவார். அவர் ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டு நான் கண்டது அதுதான்.

மணிமொழி பெங்களூரில்தான் இருந்தாள். அவளும் மாப்பிள்ளை அஸ்வினும் வேலைக்குப் போகிறவர்கள். பேத்திக்கு ஒன்றரை வயது. பார்த்துக்கொள்ள வந்த ஆள் நின்றுவிட்டாள். ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸை நாங்கள் காலி செய்தாக வேண்டும். இரண்டையும் சேர்த்து மணிமொழி ஒரு கணக்குப் போட்டிருந்தாள். தன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி எங்களுக்கு ஒரு வீடு பார்த்திருந்தாள். "வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போங்க" என்று போனில் சொன்னாள். அவர் இரண்டு நாள் லீவு போட்டார். மூன்றாம் நாள் திங்கள், ஓய்வு. சனிக்கிழமை காலை பஸ் ஏறி, இருட்டும்போது போய்ச் சேர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காட்டினார்கள். கீழ்த்தளம். ஒரு ரூம், ஹால், சின்ன சமையலறை. ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுச் சுவர் தெரிந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மணிமொழி என் கையைப் பிடித்துக்கொண்டு அலமாரியெல்லாம் திறந்து திறந்து காட்டினாள்.

"காலைல அஞ்சு மணிக்கு நீ வந்துட்டீன்னா போதும்மா. நான் ஏழு மணிக்குக் கேப் ஏறணும். நீ இருந்தா நிம்மதியா போவேன். இப்ப தினமும் அழுதுட்டே போறேன்."

அவள் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கழுத்து எலும்பு தெரிந்தது.

"மாமா, வேற ஆளும் இந்த வீட்ட கேக்கறாங்க. நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஓனருக்கு முடிவு சொல்லணும். நீங்க சரின்னா நான் அட்வான்ஸ் குடுத்துடறேன்" என்றார் அஸ்வின்.

என் வீட்டுக்காரர் குழாயைத் திறந்து பார்த்தார். மூடினார். "பார்க்கலாம் மாப்ள" என்றார். வெளியே வரும்போது தலையை ஆட்டினார். அதை எல்லாரும் சரி என்று எடுத்துக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனா தெரியாது. எட்டாவதோடு படிப்பு நின்றவள் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது.

திங்கட்கிழமை காலை நாலரைக்கு எழுந்தேன். அவர்கள் இரண்டு பேருக்கும் மதியச் சாப்பாடு, குழந்தைக்குக் கஞ்சி, எங்களுக்குப் புளிசாதம். மணிமொழி எட்டு மணி வரை வீட்டிலிருந்தே ஏதோ மீட்டிங் பேசினாள். நடுவில் சமையலறைக்கு வந்து டப்பாக்களைப் பார்த்துவிட்டு, "அம்மா நீ இருந்தா எவ்ளோ ஈஸியா இருக்கு!" என்று என் தோளில் தலையை வைத்தாள். அன்றைக்கு அவளே லீவு சொல்லிவிட்டுக் குழந்தையோடு இருந்தாள். "நீங்க போய் ப்ளேன் பாத்துட்டு வாங்க. இதுக்கப்புறம் எங்க நேரம் கிடைக்கப் போகுது" என்று அவளே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள்.

ஆட்டோவில் அவர் நெருக்கமான வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். சட்டைப் பையில் சின்ன அளவுகோல் ஒன்று வைத்திருந்தார். பேரிங்கை அளந்துகொண்டு போய் இசக்கிமுத்து அண்ணனிடம் காட்ட வேண்டுமாம்.

இறங்கியபோது கேட் மூடியிருந்தது. சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு காவல்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழிலேயே பதில் சொன்னார். ஓசூர்ப் பக்கம்.

"இன்னைக்கு லீவு சார். மண்டே."

"யாருக்கு லீவு?"

"இதுக்குத்தான் சார். திங்கட்கிழமை மூடிடுவாங்க."

"மனுசனுக்குத்தானங்க ஆஃபு? எடத்துக்கு ஏது ஆஃபு?"

காவல்காரர் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்குமே அந்த யோசனை வந்திருக்கவில்லை. ஆள் ஓய்வெடுத்தால் அடுத்த ஷிஃப்ட் ஆள் வருவான். ஒரு இடமே மொத்தமாக ஓய்வெடுக்கும் என்று நாங்கள் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமையே போகலாம் என்று அஸ்வின் சொன்னபோது, "அன்னிக்குக் கூட்டமா இருக்கும் மாப்ள, திங்கள்தான் நமக்கு ஆஃபு" என்று தள்ளிப்போட்டதும் இவர்தான். எங்களுக்குப் பின்னால் ஒரு காதல் ஜோடி பைக்கில் வந்தது. அந்தப் பெண் போனை எடுத்துப் பார்த்து, பையனின் முதுகில் ஒரு அடி வைத்தாள். சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்கள்.

"தம்பி, அறுத்து வச்ச எஞ்சினு ஒண்ணு உள்ள இருக்குதாமே. அதுல முன்பக்கப் பேரிங்கு எவ்ளோ பெருசு இருக்கும்?"

"எனக்குத் தெரியாது சார். ஒம்பது வருசமா கேட்லதான் நிக்கறேன். உள்ள போய்ப் பாத்ததில்ல."

"ஒம்பது வருசமாவா?"

"டூட்டி முடிஞ்சா வூட்டுக்குப் போவணும்னுதான் சார் இருக்கும்."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அது அவருக்குப் புரிந்தது.

கம்பி வேலி வழியாகத் தோட்டத்தில் நிற்கிற விமானங்களைப் பார்க்கலாம் என்று காவல்காரர் காட்டினார். போய் நின்றோம். நாலைந்து நின்றன. நான் நினைத்ததைவிடச் சின்னவை. ஒன்றின் மூக்கில் பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்தது. ஒரு ஹெலிகாப்டரின் இறக்கைகள் தொங்கிப்போய் இருந்தன. இறக்கையின் நிழலில் நாய் ஒன்று படுத்திருந்தது. அவர் கம்பிக்குள் முகத்தை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"டயருல லோடு இல்ல பாரு மலரு. அடில முட்டுக் குடுத்து நிக்க வச்சிருக்கான்."

"ம்."

"ரிடையர் ஆயிட்டு குவார்ட்டர்ஸ காலி பண்ணாம நிக்குதுங்க எல்லாம்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நிற்க முடியவில்லை. கால் வலித்தது. மனசுக்குள் ஆறு மணி, ஆறு மணி என்று ஓடிக்கொண்டிருந்தது.

எதிர்ப்பக்கம் ஒரு பஸ் ஸ்டாப் நிழற்குடை இருந்தது. அங்கே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். அவர் கையைக் கழுவிவிட்டு, "கொஞ்ச நேரம் கழிச்சிப் போலாம், இப்பவே போயி என்னா பண்றது" என்றார். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்தேன்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கண் விழித்தபோது வெயில் நிழற்குடையின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது. அவர் என் பக்கத்தில் இல்லை. எனக்கு முன்னால், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். வெயில் என் முகத்தில் விழுகிற இடத்தில். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"மணி என்னாங்க?"

"மூணே முக்கால்."

"எழுப்பக் கூடாதா? மூணு மணி நேரமா நின்னுக்கினு இருக்கீங்க?"

"நடுவுல ஒக்காந்தன். பஸ்ஸு வந்துது, போச்சு, ஹாரன் அடிச்சான். நீ அசையல. எனக்கே பயமாப் போச்சு. நீ இப்பிடித் தூங்கி நான் பாத்ததே இல்லியே."

பார்த்திருக்க முடியாது. அவர் தூங்கும்போது நான் விழித்திருப்பேன். அவர் விழித்திருக்கும்போது எனக்கு வேலை இருக்கும்.

வாயைத் துடைத்துக்கொண்டேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

"எனக்கு அந்த வூடு வேணாங்க."

"ஏன், சின்னதா இருக்குதா?"

"வூடு நல்லாத்தான் இருக்குது. என்னால முடியாது. மறுபடியும் நாலு மணிக்கு எழுந்து, அவங்களுக்கு ஆக்கி, கொழந்தைய வாங்கி, ராத்திரி வரைக்கும்... என்னால முடியாதுங்க. எனக்குத் தூங்கணும்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முப்பத்தி மூணு வருசத்துல ஒரு நாள் சொன்னதில்லியே."

"ஷிஃப்டு உங்களுது. நான் என்னான்னு சொல்றது?"

"பெத்த பொண்ணுக்குச் செய்யமாட்டேன்னு சொல்ற."

"ஆமா. அப்பிடித்தான் சொல்றன்."

அதைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு என் அம்மா செய்தாள். பிரசவத்துக்கு வந்து ஆறு மாதம் இருந்தாள். மற்றவர்கள் எல்லாரும் செய்கிறார்கள். எங்கள் பிளாக்கிலேயே மூன்று பேர் இப்படிப் பேரன் பேத்தியைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். முடியாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் ரோட்டைத் தாண்டிப் போனார். வேலியில் கை வைத்துக்கொண்டு அந்த விமானங்களைப் பார்த்தபடி நின்றார். காவல்காரர் ஏதோ கேட்டார். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"நீ பேசாத" என்றார். போனை எடுத்து மணிமொழிக்குப் போட்டார். உங்கம்மா முடியாது என்கிறாள் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அதுதானே உண்மை.

"மணி, அந்த வூடு வேணாம்மா... இல்ல, வூட்டுல ஒண்ணும் குறையில்ல. இந்த ஊரு எனக்கு ஒத்துக்காது. குளிரு ஆவல. பேச்சு புரியல. ரிடையர் ஆயி நாலு பேரு தெரிஞ்ச எடத்துலதான் இருப்பன்... உங்கம்மாவா? அவ வரேன்னுதான் சொல்றா. நான்தான் வுடமாட்டன்."

போன் அவர் காதில் இருந்தது. ஆனாலும் அவள் குரல் எனக்குக் கேட்டது. "அம்மாவையாவது அனுப்புங்கப்பா, ஒரு வருசம் போதும்" என்றாள். அவர், "அம்மா இல்லாம எனக்கு யாரு ஆக்கிப் போடறது?" என்று கேட்டார். வேண்டுமென்றே கொஞ்சம் முரட்டுத்தனமாகக் கேட்டார்.

நான் கையை நீட்டிப் போனை வாங்கியிருக்கலாம். பையின் வாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று ராத்திரி மணிமொழி எங்களுக்குத் தோசை சுட்டுப் போட்டாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கம்மாவ ஆயுசுக்கும் அடுப்படிலயே வச்சிருப்பீங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அவர், "ஆமா" என்றார். அஸ்வின் பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார். மறுநாள் அவருக்குச் செகண்ட் ஷிஃப்ட். போனார்.

இசக்கிமுத்து அண்ணன் பேரிங்கைப் பற்றிக் கேட்டதற்கு, "நீ சொன்னது சரிதான், சின்னதுதான்" என்று சொல்லிவிட்டார். பூட்டியிருந்ததைச் சொல்லவில்லை.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அவர் ரிடையர் ஆனார்; மாலை போட்டார்கள், ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரில் வாடகைக்கு இருக்கிறோம். காலை டீயை அவர் போடுகிறார். நான் ஆறரைக்கு எழுந்திருக்கிறேன். சில நாள் ஏழு ஆகிவிடுகிறது. பேத்தியைக் குழந்தைகள் காப்பகத்தில் விட்டிருக்கிறார்கள். அடிக்கடி சளி பிடிக்கிறது. மணிமொழி அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் சம்பளம் குறைந்த வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் செய்கிறாள். "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்கிறாள், அவரிடம் கொடு என்று சொல்வதில்லை. முடியாது என்று சொன்னவள் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை.